வடத்தை அறுக்கச் சொன்ன கர்னல்

மேசா முகாம்
செவ்வாய், 9 அக்டோபர் 1900

கொமாத்ரே பெத்ரோனிலா,

அரசுப் பட்டாளம் ஒன்று சனிக்கிழமை நண்பகல் சான் லாசரோவிலிருந்து கிளம்பி, உங்கள் ஆற்றை நோக்கி வருகிறது. சொன்னவர் அவர்களுக்கு உப்பு ஏற்றிப்போன கழுதைக்காரர். ஊர்ப் பாலத்தில் நின்று எண்ணியிருக்கிறார்: முந்நூற்று நாற்பது பேர், இரண்டு பீரங்கி. பீரங்கிகளை ரொட்டிக்காரி ஒருத்தியும் பார்த்ததாக அவர் சொல்கிறார். சேற்றில் பீரங்கி இழுத்து வருபவர்கள் ஏழு நாளைக்குக் குறைந்து வரமுடியாது. ஆகவே வரும் சனிக்கிழமை அவர்கள் எதிர்க்கரையில் நிற்பார்கள்.

ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது. டிசம்பர் நடுவரை இறங்கிக் கடக்க வழியில்லை. அவர்களுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது உங்கள் தோல்வடமும் அதில் தொங்கும் கூடையும்தான். வெள்ளி மாலைக்குள் வடத்தை அறுத்துவிடுங்கள்.

என் நிலையை மறைக்கவில்லை. போன மாதப் பின்வாங்கலில் பின்காவலுக்கு நிறுத்திய பதினொரு பேரையும் இழந்தேன். ஞாயிறன்று அவர்களுக்காகப் பூசை வைத்தோம். மீதி எண்பது பேரில் முப்பது பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள்.

உங்கள் மகள் ஒத்தீலியாவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றேன். அன்றிலிருந்து நாம் கொம்பாத்ரே, கொமாத்ரே. இருபது ஆண்டுகளில் உங்களிடம் நான் கேட்கும் முதல் காரியம் இது. நாம் வென்றதும் புரட்சி அரசு உங்களுக்குப் புதிய வடம் கட்டித் தரும்.

லிசான்ட்ரோ குவால்ட்ரோன்
கர்னல்

*

ஆற்றுக்கடவு
புதன், 10 அக்டோபர்

கொம்பாத்ரே லிசான்ட்ரோ,

அறுக்க மாட்டேன்.

இருபத்திரண்டு மாட்டுத் தோல். என் புருஷன் செனோனும் நானும் பதினான்கு மாதம் முறுக்கினோம். 95-ஆம் ஆண்டுப் போரில் இதற்கு முந்தைய வடத்தை அரசின் நீலக்காரர்கள் அறுக்கச் சொன்னார்கள், அறுக்கவில்லை. அதே மாதம் உங்கள் சிவப்புக்காரர்கள் அறுக்கச் சொன்னார்கள், அறுக்கவில்லை. நம் கல்லறைத் தோட்டம் அந்தக் கரையில் இருக்கிறது, பேறு பார்ப்பவள் இந்தக் கரையில் இருக்கிறாள். பிறப்பவர்களும் சாகிறவர்களும் வடத்தில்தான் போய்வருகிறார்கள். உங்களுக்குச் செய்தி கொண்டுவந்த கழுதைக்காரர் எதில் வந்தார் என்று நினைத்தீர்கள்? நான்தான் இழுத்தேன். கனமான ஆள்.

என் மகள் எந்தக் கரையில் இருக்கிறாள் என்பது நினைவிருக்கிறதா? இக்கரையில் நான், அக்கரையில் ஒத்தீலியா. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அவள் இழுகயிற்றை இரண்டு முறை சுண்டுவாள், நானும் இரண்டு முறை சுண்டுவேன். இந்த ஆற்றின் இரைச்சலில் நாங்கள் பேசிக்கொள்வது அப்படித்தான். அறுத்தபின் எதைச் சுண்டுவது?

கணக்குப் பாருங்கள். கூடையில் ஒரு நேரத்தில் ஒருவர். ஒருவருக்கு இருபது நிமிடம். ஒரு பகலுக்கு முப்பத்தாறு பேர். முந்நூற்று நாற்பது பேர் கடக்க ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். இக்கரையில் பத்துத் துப்பாக்கியை உட்காரவைத்தால் போதாதா?

புரட்சி அரசு தரும் புதிய வடம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த அரசு முதலில் உங்களுக்குச் செருப்பு தரட்டும்.

95-இல் நீங்களே இந்தக் கூடையில் கடந்தீர்கள். கடவுள் இல்லை என்று சந்தையில் பேசுகிற மனிதர், "கன்னித் தாயே, இந்த ஒரு தடவை மட்டும் காப்பாத்து" என்று கத்திக்கொண்டே வந்தீர்கள். செனோன் சொன்னான், "கண்ணைத் தொறங்க கொம்பாத்ரே, கரை வந்தாச்சு." நீங்கள் கேட்டீர்கள், "எந்தக் கரை?"

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை இந்தத் தாளில் எழுத மாட்டேன். கடிதம் கொண்டுவரும் நெப்போ வழியிலுள்ள எல்லாக் கள்ளுக்கடையிலும் நின்று வாய் திறக்கிறான். நீங்களே வாருங்கள், சொல்கிறேன்.

பெத்ரோனிலா ஆர்டிலா

*

மேசா முகாம்
வியாழன், 11 அக்டோபர்

திருமதி ஆர்டிலா அவர்களுக்கு,

பத்துத் துப்பாக்கி வைக்கச் சொல்கிறீர்கள். எங்களிடம் ஆளுக்கு ஆறு தோட்டா இருக்கிறது. இரண்டு பீரங்கியும் எதிர்க்கரையிலிருந்து சுட்டால் உங்கள் கரையில் ஓர் ஆடுகூட நிற்காது. அந்த மறைவில் முதல் நாளே முப்பத்தாறு பேர் இறங்கினால் போதும், என் காய்ச்சல்காரர்களின் கதை முடிந்துவிடும். உங்கள் கணக்கு சரி. போரை மட்டும் அதில் சேர்க்க மறந்துவிட்டீர்கள்.

எழுத முடியாத காரணம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறீர்கள். அது என்னவென்று இங்கே எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். ஒத்தீலியா ஒரு மாதமாக நீலச் சால்வை போட்டுக்கொண்டு திரிகிறாள். அவளுக்குக் கோயில் மணி அடிக்கிற கோயில்குட்டியின் மகனைப் பேசியிருக்கிறது, அந்த வீடு நீல வீடு. என் ஞானமகள் எந்தக் கரையில் நிற்கிறாள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

கட்டளை எண் 14: ஆற்றுக்கடவு வடம் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் அறுக்கப்பட வேண்டும். நிறைவேற்ற லெப்டினன்ட் அனாக்லெத்தோ இரண்டு கோடாலியுடன் வருகிறார். இழந்த பதினொருவரில் ஒருவன் அவருடைய அண்ணன். உங்கள் ஆட்டுக்கறிக்கு இளகுகிற நிலையில் அவர் இல்லை. தடுப்பவர் யாராக இருந்தாலும் படை நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டும்.

கர்னல் எல். குவால்ட்ரோன்

*

ஆற்றுக்கடவு
வெள்ளி, 12 அக்டோபர், மாலை

கர்னல் ஐயா அவர்களுக்கு,

இதைக் கொண்டுவருவது நெப்போ அல்ல. உங்கள் சிப்பாய்களில் ஒருவன். ஆகவே எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உங்கள் லெப்டினன்ட் பத்து மணிக்கு வந்தார். ஆட்டுக்கறிக்கு இளகவில்லை. இரண்டு தட்டுச் சாப்பிட்டார், ஆனால் இளகவில்லை. சாப்பிட்டதும் கோடாலியை எடுத்துக்கொண்டு வடம் கட்டிய மரத்துக்குப் போனார்.

"எங்க வெட்டப் போறீங்க, தம்பி?" என்று கேட்டேன்.

"இங்கதான். மரத்துக்கிட்ட."

"வெட்டுங்க. என் புருஷன் நின்ன இடமும் அதுதான்."

செனோன் எப்படிச் செத்தான் என்று கேட்டுத் துக்கத்துக்கு வந்தவர் நீங்கள். ஆனால் காது கொடுத்துக் கேட்கவில்லை போலிருக்கிறது. முறுக்கேறி நிற்கும் வடம் அறுந்தால் அந்த நுனி மாட்டைவிட வேகமாக முட்டும். இந்த வடத்தைக் கட்டுவதற்காகப் பழையதை இறக்கவிருந்த அன்று, அது தானாக அறுந்து செனோனின் நெஞ்சில் அடித்தது. அவன் கத்தவே இல்லை. வடத்தை முதலில் தளர்த்திவிட்டுத்தான் யாரும் கோடாலி வைக்க முடியும். இறுக்கும் உருளை அக்கரையில் இருக்கிறது, ஒத்தீலியாவிடம். கட்டளை எண் 14-இல் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

லெப்டினன்ட் கோடாலியைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப நான் அக்கரைக்குப் போய் அவங்களைத் தளர்த்தச் சொல்றேன்" என்றார்.

"போங்க. கூடை சும்மாதான் தொங்குது."

அவரை இழுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கூடையிலிருந்து இறங்கியவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையை அடக்கத் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இதுதான் நான் எழுத மறுத்த காரணம். உங்கள் பின்காவல் பதினொரு பேரும் ஒத்தீலியாவின் புகையிலைக் கொட்டகையில் இருக்கிறார்கள். போன ஞாயிறு, நீங்கள் அவர்களுக்குப் பூசை வைத்துக்கொண்டிருந்த அதே காலையில், தவழ்ந்து வந்து சேர்ந்தார்கள். கால் போனவன் ஒருவன், காய்ச்சல் எல்லாருக்கும். கூடையில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளத் தெம்பு வரட்டும் என்றுதான் காத்திருந்தோம். லெப்டினன்டின் அண்ணன் பௌலினோ அவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "என் கழுதையை வித்துட்டியாடா?" விற்றுவிட்டாராம்.

உங்கள் கட்டளைப்படி அறுத்திருந்தால் இரண்டாவது முறை பூசை வைத்திருக்கலாம். இந்த முறை வீணாகப் போயிருக்காது.

சால்வையைப் பற்றி: எங்கள் தோட்டத்தில் விளைவது அவுரி. அவுரியில் நீலம்தான் வரும். கோயில்குட்டியின் மகனை அவள் வேண்டாம் என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. உங்கள் கள்ளுக்கடைச் செய்தி பழைய செய்தி.

இப்போது சொல்லுங்கள், அறுக்கட்டுமா?

பெ. ஆர்டிலா

*

மேசா முகாம்
சனி, 13 அக்டோபர்

கொமாத்ரே,

பதினொரு பெயர்களையும் பட்டியலில் அடித்திருந்தேன். இன்று காலை திரும்ப எழுதினேன். மூன்று தாய்மார்களுக்கு நான் அனுப்பிய கடிதங்களைத் திரும்பப் பெற வழியில்லை. பௌலினோவின் தாய் அதில் ஒருவர். அவருக்கு உடனே ஆள் அனுப்பியிருக்கிறேன்.

கட்டளை எண் 14 ரத்து செய்யப்படவில்லை. ஒத்திவைக்கப்படுகிறது. லெப்டினன்ட் உங்களுடன் இருந்து பதினொரு பேரையும் இக்கரைக்குக் கொண்டுவரட்டும். கடைசி ஆள் வந்ததும் ஒத்தீலியாவும் வந்துவிட வேண்டும். பிறகு வடத்தை என்ன செய்வது என்பதை நீங்கள் இருவரும் தீர்மானியுங்கள். அதைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் தெரிகிறது.

சால்வை பற்றி எழுதியதை விசாரிக்காமல் எழுதினேன்.

லிசான்ட்ரோ

*

ஆற்றுக்கடவு
செவ்வாய், 16 அக்டோபர்

கொம்பாத்ரே,

பதினொரு பேரும் இக்கரையில் இருக்கிறார்கள். ஒத்தீலியா இல்லை. அவளைப் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

ஞாயிறு காலைக்குள் ஆறு பேரைக் கொண்டுவந்துவிட்டோம். நண்பகலில் பட்டாளம் வந்தது. மேஜர் பினேதா தலைமை. உங்கள் கழுதைக்காரர் சொன்ன எண்ணிக்கை சரிதான், பீரங்கி மட்டும் ஒன்று. மற்றது வழியில் சேற்றில் கிடக்கிறதாம். மிச்சமிருந்த ஐந்து பேரின் துப்பாக்கிகளை ஒத்தீலியா ஆற்றில் போட்டுவிட்டு, அவர்களைப் புகையிலைக் கூலிகளாகப் படுக்கவைத்தாள். இனி நான் சொல்வது பௌலினோ கொட்டகை வாசலில் படுத்துக்கொண்டு கண்டதும் கேட்டதும்.

மேஜர் கேட்டார், "யாரும்மா இந்த வடத்துக்குச் சொந்தக்காரி?"

"அக்கரையில எங்கம்மா. இக்கரையில நான்."

"என் ஆளுங்க கடக்கணும்."

"கடக்கலாமே. ராத்திரி பூரா மழை, தோல் ஊறித் தொய்ஞ்சு கெடக்கு. ஒரு நாள் வெயில் காயட்டும்."

"எனக்கு வெயில் வேண்டாம், வடம் போதும்."

ஒரு சிப்பாயை ஏற்றினார்கள். நான் இக்கரையிலிருந்து இழுத்தேன். நீலத் தொப்பியைக் கண்டதும் என் கை கொஞ்சம் மெதுவாகிவிட்டது, அதை மறைக்கவில்லை. நடு ஆற்றில் வடம் தாழ்ந்து அவன் நெஞ்சுவரை தண்ணீரில் போனான். தொப்பி போயிற்று, ஒரு பூட்ஸ் போயிற்று. அவன் திட்டியது ஆற்றின் இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்டது. பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

திங்களன்று நல்ல வெயில். மதியத்துக்குள் தோல் இறுகிவிட்டது. ஆனால் சிப்பாய்கள் ஒருவரும் ஏற மறுத்தார்கள். மேஜர் யோசித்துவிட்டு ஒத்தீலியாவிடம் சொன்னார்: "முதல்ல உன் ஆளுங்களை அனுப்பு. அவங்க நனையாமப் போய்ச் சேர்ந்தா என் ஆளுங்க போவாங்க."

"எனக்கு ஏது ஆளு? கொட்டகையில அஞ்சு கூலிக்காரங்க காய்ச்சல்ல கெடக்காங்க."

"காய்ச்சல்காரங்களா? நல்லதாப் போச்சு. அவங்களையே அனுப்பு."

"ஐயோ, பாவங்க. ஆத்துல விழுந்துட்டா?"

"நான் சொல்றதைச் செய்!"

கொம்பாத்ரே, அரசுப் படையின் சிப்பாய்களே உங்கள் ஐந்து பேரையும் தூக்கிக் கூடையில் உட்காரவைத்தார்கள். பௌலினோவுக்கு ஒருவன் சுருட்டுப் பற்றவைத்தும் கொடுத்திருக்கிறான். முந்நூற்று நாற்பது துப்பாக்கிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர்பின் ஒருவராக நான் இழுத்தேன். நான்கு மணிக்குப் பௌலினோ கடைசியாக இறங்கினான், வாயில் சுருட்டோடு.

கூடை திரும்பிப் போனது. அடுத்து ஒத்தீலியாதான் ஏறியிருக்க வேண்டும். ஆனால் சிப்பாய்கள் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். அப்போது இழுகயிறு மூன்று முறை சுண்டியது. இரண்டு என்றால் இருக்கிறேன். மூன்று என்றால் விலகி நில். நான் மரத்தைவிட்டு விலகினேன். உருளையின் தடுப்புக் கட்டையை அவள் உதைத்துத் தள்ளினாள். வடம் மொத்தமும் தளர்ந்து ஆற்றுக்குள் போய்விட்டது.

அறுக்கவில்லை, கொம்பாத்ரே. இறக்கிவிட்டாள். நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவள் கையைக் கட்டி மேட்டுப் பாதையில் கொண்டுபோனார்கள். திருப்பம்வரை அந்த நீலச் சால்வை தெரிந்தது.

இப்போது நிலவரம் இதுதான். வடம் பாறைகளில் சிக்கிக் கிடக்கிறது. இரு கரையும் சேர்ந்து இழுத்தால்தான் எழும்பும். நான் இழுக்காமல் மேஜரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தோல் எட்டு நாளுக்கு மேல் தண்ணீரில் கிடந்தால் அழுகும். அடுத்த செவ்வாய் எட்டாவது நாள்.

செப்டம்பரில் நீங்கள் பிடித்த நீலக் கேப்டன் ஒலார்தே இன்னும் உங்களிடம்தானே இருக்கிறார்? மேஜருக்கு எழுதுங்கள். பௌலினோ சின்ன வயதில் ஆடு மேய்த்தவன். கவணில் கல்லோடு சுற்றி எறிந்தால் கடிதம் அக்கரைக்குப் போய்விடும் என்கிறான். என் மகள் கூடையில் உட்காருவதற்காகத் தவிர, வேறு எதற்காகவும் நான் அந்த வடத்தைத் தூக்க மாட்டேன். இதையும் மேஜருக்கு எழுதுங்கள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள்.

பெத்ரோனிலா

*

மேசா முகாம்
சனி, 20 அக்டோபர்

கொமாத்ரே,

மேஜர் பினேதா கேப்டனுக்கு ஈடாக ஒத்தீலியாவை விடுவிக்கச் சம்மதித்துவிட்டார். பௌலினோ எறிந்த என் மூன்றாவது கடிதத்துக்கு வந்த பதிலில், அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. முதல் கடிதம் ஆற்றில் விழுந்தது. இரண்டாவது ஒரு சார்ஜன்டின் தலையில் விழுந்ததாக மேஜர் புகார் எழுதியிருக்கிறார்.

பட்டாளத்தைத் திரும்ப அழைத்திருப்பதாகவும், புதன் விடியலில் கிளம்புவதாகவும் அவரே சொல்கிறார். இதை வேறு யாரும் உறுதிசெய்யவில்லை. உறுதிசெய்பவர்கள் வரும் வழி நீருக்கடியில் கிடக்கிறது.

மாற்றம் செவ்வாய் நண்பகல். அவர் ஒரு நிபந்தனை வைக்கிறார். வடம் ஒரு வாரம் தண்ணீரில் கிடந்திருக்கிறது, கேப்டனை அதில் ஏற்றும்முன் நம் பக்கத்து ஆள் ஒருவர் ஏறிக் காட்ட வேண்டும். அவர் சொற்களிலேயே: "இந்த முறை காய்ச்சல்காரக் கூலி அல்ல. மேஜருக்குக் குறையாத பதவியுள்ள அதிகாரி."

அந்தப் பதவியில் இங்கே ஒருவர்தான் இருக்கிறார்.

வரிசை இப்படி: நான் அக்கரைக்கு. அதே கூடையில் ஒத்தீலியா இக்கரைக்கு. பிறகு கேப்டன் அக்கரைக்கு. அந்தக் கூடையில் நான் திரும்ப வேண்டும். கேப்டன் இறங்கியதும் என்னைத் திரும்பப் பெற ஈடாக எதுவும் நம் கையில் இருக்காது. மேஜரின் வாக்கு மட்டுமே இருக்கும். லெப்டினன்ட் இதைத் தடுக்கப் பார்த்தார். "கர்னல், உங்களைச் சுட்டுடுவாங்க" என்றார். "அவள் தலையில் தண்ணீர் ஊற்றியபோது, இவளுக்கு நான் பொறுப்பு என்று சொன்னவன் நான், நீ அல்ல" என்றேன்.

என்னைத் திருப்பி அனுப்பாவிட்டால் வடத்தை அறுத்துவிடுங்கள். இது கட்டளை அல்ல, கொம்பாத்ரேயாகக் கேட்கிறேன். தளர்த்திய பிறகு அறுங்கள்.

கட்டளை எண் 14 ரத்து.

லிசான்ட்ரோ

*

ஆற்றுக்கடவு
திங்கள், 22 அக்டோபர்

கொம்பாத்ரே லிசான்ட்ரோ,

வடம் எழும்பிவிட்டது. நேற்றுக் காலை அவளை உருளைக்குக் கொண்டுவந்தார்கள், ஆறு சிப்பாய்களோடு. இக்கரையில் நானும் லெப்டினன்டும் நடக்க முடிந்த ஐந்து பேரும். இரண்டு இடத்தில் பாறையில் சிக்கியது, விடுபட்டது. வடம் தண்ணீரைவிட்டு மேலே வந்ததும் நான் இழுகயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லை. லெப்டினன்ட் ஏதோ சொன்னார், வாயை மூடச் சொன்னேன். பிறகு இரண்டு முறை சுண்டியது.

நானும் இரண்டு முறை சுண்டினேன். அவள் திரும்பவும் இரண்டு. அக்கரைச் சிப்பாய் ஒருவன் கயிற்றைப் பிடுங்கும்வரை சுண்டிக்கொண்டே இருந்தோம்.

ஒரு இடத்தில் இரண்டு இழை கிழிந்திருக்கிறது. பச்சைத் தோல் வைத்துக் கட்டிக் கொழுப்புத் தடவியிருக்கிறேன். இன்று முழுவதும் வெயில். உங்கள் எடை எனக்குத் தெரியாது, ஆகவே ஒரு மூட்டை உப்பும் ஒரு கிடாவும் வைத்து நடு ஆறுவரை அனுப்பி இழுத்துப் பார்த்தேன். கிடா நனையவில்லை. உங்களைவிடக் குறைவாகத்தான் கத்தியது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அறுக்க மாட்டேன். 9-ஆம் தேதி கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். உங்களை அவர்கள் வைத்துக்கொண்டால் கூடை அக்கரையிலேயே தொங்கும். நான் இக்கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் ஒத்தீலியா, பின்னால் உங்கள் ஆட்கள். மேஜருக்குப் புதன் விடியல்வரைதான் நேரம். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

நாளை பன்னிரண்டு மணிக்கு. பதினோரு மணிக்கே வந்துவிடுங்கள், கூடையில் எப்படி உட்காருவது என்று காட்டவேண்டும். 95-இல் தப்பாக உட்கார்ந்தீர்கள். அக்கரையில் இறங்கியதும் இழுகயிற்றை இரண்டு முறை சுண்டுங்கள். திரும்பி ஏறும்போதும் இரண்டு.

கண்ணை மூடிக்கொள்ளலாம். கன்னித் தாயையும் கூப்பிடலாம். ஆறு இரைகிறது, நீலக்காரர்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

உங்கள் கொமாத்ரே
பெத்ரோனிலா